கடந்த நான்கு வாரங்களில்

படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள்.
நர்ஸ் மக்வாலா பேனா மூடியைக் கடித்தபடி வாசிக்கிறாள்:
கடந்த நான்கு வாரங்களில்
எவ்வளவு நேரம் உற்சாகமாக உணர்ந்தீர்கள்?
எப்போதும், பெரும்பாலும், சிலசமயம்,
எப்போதாவது, ஒருபோதும் இல்லை.

நான் ரொட்டிக்காரன், அம்மணி.
குதைசியில், சங்கிலிப் பாலத்துக்குப் பின்தெருவில்
கிணறு மாதிரி ஒரு மண் அடுப்பு.
விடியுமுன் அதன் வாய்க்குள்
இடுப்புவரை கவிழ்ந்து
சுவரில் மாவை அறைய வேண்டும்,
ஒரே மூச்சில் எழவும் வேண்டும்.
கடந்த நான்கு வாரங்களில்
கவிழ்வது எளிதாகத்தான் இருந்தது.
எழுவதுதான்.

சுவரில் பிடிக்காமல் நழுவிச் சாம்பலில் விழுந்தவை
செவ்வாய் ஆறு, புதன் பதினொன்று.
முதலாளி எண்ணுகிறார். நானும் எண்ணுகிறேன்.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

களைப்பு என்று எழுதுகிறாள்.
களைப்பு வேலை செய்தவனுக்கு வருவது,
தூங்கினால் போவது.
இது
நான் கண் திறக்குமுன்பே எழுந்து
செருப்பும் மாட்டிக்கொண்டு
கட்டில் ஓரத்தில் எனக்காக உட்கார்ந்திருப்பது.

மற்றவர்களோடு பழகுவதில் இடையூறு உண்டா?
முடிதிருத்தும் ஜோன்டோவிடம்
சொந்த ரேசரோடு போகிறேன்.
கண்ட பிளேடும் தோலுக்கு ஆகாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
மச்சினன் மகள் கல்யாணத்தில்
இறந்தவர்களை நினைத்து எல்லோரும் எழுந்து
திராட்சை மது உயர்த்தியபோது
என் கையில் மாதுளைச் சாறு.
எங்கப்பாவுக்கு இவ்வளவுதானா மரியாதை
என்றான் பக்கத்தில் நின்றவன்.
வயிற்றுப்புண் என்றேன்.
போன வருஷம் சிறுநீரகக் கல் என்றிருந்தேன்.
பொய்களுக்கும் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் நீலக் கோடு போட்ட கோப்பைகள் ஆறு.
ஒன்றின் அடியில் மட்டும்
நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி.
கோப்பையால் தொற்றாது என்று டாக்டர் சொன்னபோது
சியாலா தலையாட்டினாள்.
வீட்டுக்கு வந்ததும்
உதிரத் தொடங்கியிருந்த புள்ளிமேல்
இன்னொரு சொட்டு வைத்தாள்.
கோபமில்லை.
இரவில் என் கால்களை அழுத்திவிடுபவளும் அவள்தான்.

எப்படித் தொற்றியது, தெரியுமா?
இது படிவத்தில் இல்லை. மக்வாலாவே கேட்கிறாள்.
கரண்ட் இல்லாத ஒரு குளிர்காலம். பத்தொன்பது வயது.
ஒரு மெழுகுவத்தி, நாலு பேர், ஒரே ஊசி.
ஒரே ஒரு தடவை.
மற்ற மூவரில் இருவர் பெயரை
இப்போது கல்லறைக் கல்லில்தான் வாசிக்க முடியும்.
தெரியாது என்றேன்.
ராணுவ ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று
அவளே எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை.
அப்புறம் கொஞ்ச நாள் காத்திருப்பு.
அப்புறம் ஒரு காகிதம்: வைரஸ் கண்டறியப்படவில்லை.
அதே நாற்காலி, அதே முப்பத்தாறு.
சாம்பலில் விழுபவை இப்போது இரண்டு, மிஞ்சினால் மூன்று.
பெரும்பாலும் என்றேன்.
சிலசமயம் என்று திருத்தச் சொன்னேன்.
மக்வாலா எழுந்து கை குலுக்கினாள்.
அவள் கை ஈரமாக, சோப்பு மணத்தோடு இருந்தது.

அன்று மாலை ஜோன்டோ கடையில் சாய்ந்ததும்
கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று.
எடுத்து நீட்டினேன்.
தோல் இன்னும் சரியாகலையா என்றான்.
இல்லை என்றேன்.

விடிகாலை மூன்றரை. சமையலறை.
கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.
ஆறு அடிகளும் மேலே பார்க்கின்றன,
ஒன்றிலும் புள்ளி தெரியவில்லை.
சுரண்டிவிட்டாளா, இருட்டா?
விளக்கைப் போட்டிருக்கலாம்.
மாவு பொங்கியிருக்கும், நேரமாயிற்று.
கைக்கு வந்த ஒன்றில்
தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.
குடித்து, அலசி, கவிழ்த்தேன்,
பழக்கத்தில்,
மற்ற ஐந்திலிருந்தும் ஒரு சாண் தள்ளி.